மத்தியா, சாளையா, கவலையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் குளச்சல் பக்கத்துக்காரன். சென்னைக்கு வந்த புதிதில் மீன் மார்க்கெட்டில் ஓர் அக்காவிடம் "சாளை இருக்கா?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. கூடையில் பளபளத்துக்கொண்டு கிடந்ததைக் கை காட்டினேன். "அட, கவலையா? கவலைன்னு கேளு தம்பி" என்றார். பக்கத்தில் நின்ற பெரியவர் "அது மத்திம்மா" என்று திருத்தினார். ஒரே மீனுக்கு இரண்டு நிமிடத்தில் மூன்று பெயர்.

அன்றிலிருந்து இந்த மீனின் பெயர்களைச் சேர்த்து வருகிறேன். தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அதற்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மத்தியும் சாளையும் ஒரே மீன்தானா?

ஒரே மீன்தான். அறிவியல் பெயர் சார்டினெல்லா லாஞ்சிசெப்ஸ். கன்னியாகுமரி மாவட்டத்திலும் திருவனந்தபுரம், கொல்லம் பக்கத்திலும் சாளை. கொச்சிக்கு வடக்கே போனால் மத்தி. தமிழ்நாட்டின் உள் மாவட்டங்களுக்குக் கேரளத்திலிருந்து லாரியில் நிறைய வருவதால் மதுரை, திருச்சி, கோவை கடைகளிலும் மத்தி என்ற பெயரே நிலைத்துவிட்டது. கொங்குப் பக்கத்தில் சாளை என்றால் தோட்டத்துக் கூரைவீடு என்று பொருள். அங்கே போய்ச் சாளை வாங்க வந்தேன் என்றால் நிலத்தரகரைத்தான் காட்டுவார்கள்.

வேறு என்னென்ன பெயர்கள் உண்டு?

கரை மாறினால் பெயர் மாறும். சென்னைக் கரையில் கவலை என்கிறார்கள். இந்தப் பெயரைக் கேட்டு மனக்கவலையோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆந்திரக் கரையில் இதே மீனுக்கு நூனெ கவல்லு என்று பெயர். நூனெ என்றால் எண்ணெய். ஆக, கவலையும் கவல்லும் வங்கக் கரையோரம் இரு மொழிக்காரர்களும் பங்கிட்டுக்கொண்ட ஒரே சொல்லாகத்தான் இருக்க வேண்டும்.

மங்களூரில் துளு பேசுகிறவர்கள் பூத்தாயி என்பார்கள். கோவாவில் தார்லே. தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் பேய்ச்சாளை. சில இடங்களில் நெய்ச்சாளை, நல்ல மத்தி என்றும் சொல்வது உண்டு.

நல்ல மீனுக்குப் பேய்ச்சாளை என்று ஏன் பெயர் வைத்தார்கள்?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும். தமிழில் பேய்ப்பீர்க்கு, பேய்ச்சுரை, பேய்க்கரும்பு என்று சொல்கிறோம் அல்லவா? நாம் வழக்கமாகச் சாப்பிடுவதைப் போலவே இருக்கும், ஆனால் அது இல்லை. அப்படிப்பட்டதற்குத்தான் 'பேய்' என்ற முன்னொட்டைப் போடுவோம். மன்னார் வளைகுடாப் பக்கம் நெடுங்காலமாக அதிகம் கிடைத்தது சூடை என்னும் சின்னச் சாளை வகைகள். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, தலை நீண்டு, உடல் உருண்டு, எண்ணெய் வழியும் இந்த மீன் வேறாகத் தெரிந்திருக்கும். அதனால் பேய்ச்சாளை ஆகியிருக்கலாம் என்பது என் கணிப்பு.

இன்னொன்றும் உண்டு. கடலுக்கு அந்தப் பக்கம் சிங்களத்தில் இந்த மீனின் பெயர் யக் சாலயா. யக் என்பது யக்கு, அதாவது பேய். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே மீனை ஒரே கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

சூடை, கீரிமீன், மத்தி மூன்றையும் எப்படிப் பிரித்தறிவது?

மூன்றும் ஒரே குடும்பம். கூடையில் குவித்துப் போட்டால் எல்லாம் வெள்ளி நிறம்தான். தனித்தனியாகக் கையில் எடுத்துப் பாருங்கள்.

நெய்ச்சாளைக்கு, அதாவது மத்திக்கு, தலை நீளம். உடல் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தலையே இருக்கும். லாஞ்சிசெப்ஸ் என்ற சொல்லுக்கே நீண்ட தலை என்றுதான் பொருள். உடல் உருண்டையாக இருக்கும். செவுள் மூடியின் பின்விளிம்பில் ஒரு கரும்புள்ளியும், அதற்குச் சற்றுப் பின்னால் மங்கலான பொன்னிறப் புள்ளியும் தெரியும்.

சூடை தட்டையாக இருக்கும். தலை சின்னது, வயிற்று விளிம்பு கூர்மை. விரலைத் தலைப்பக்கம் நோக்கி ஓட்டினால் ரம்பம் போல் உறுத்தும். யாழ்ப்பாணத்தில் சூடைப் பொரியல் என்றால் இந்தச் சின்ன மீனைத்தான் சொல்வார்கள். எண்ணெய் குறைவு, முள் அதிகம், பொரித்தால் மொறுமொறுவென்று வரும்.

கீரிமீனுக்குப் பக்கவாட்டில் வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். செத்துச் சில மணி நேரமானால் அந்தப் புள்ளிகள் மங்கிவிடும், அதனால் கடையில் ஏமாறுவது எளிது. இலங்கைத் தமிழர்களுக்கு இது நன்றாகப் பழக்கமான மீன். சிங்களத்தில் ஹுருல்லா என்பார்கள்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி "மத்தி" என்று விற்பதும் நடக்கிறது. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பல ஊர்களில் அது பொதுப் பெயர். ஆனால் நீங்கள் எண்ணெய் மீனைத் தேடி வந்திருந்தால் தலையைப் பார்த்து வாங்குங்கள்.

நெத்திலி, அயிலை இவையும் மத்தி வகையா?

இல்லை. நெத்திலி வேறு குடும்பம், வாய் கண்ணுக்குப் பின்னால் வரை பிளந்திருக்கும். அயிலை என்கிற கானாங்கெளுத்தி சூரை, வஞ்சிரம் வகையறாவைச் சேர்ந்தது. பெயரைக் கேட்டு அயிரையோடு குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. அது ஆற்று மீன்.

ஆங்கிலத்தில் சொல்லும் சார்டின் இதுதானா?

சார்டின் ஒரு பெரிய குடும்பத்துக்கான பெயர். மத்தியதரைக் கடலில் இருக்கும் சார்டினியா தீவின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். ஐரோப்பிய டின்களில் வருவது வேறு இனம். நம்முடையதை இந்திய எண்ணெய்ச் சார்டின் என்று அழைக்கிறார்கள். மலேசியாவில் தக்காளிச் சாற்றில் அடைத்து வரும் டின் மீனை எல்லோரும் சார்டின் என்றே சொன்னாலும், பல டின்களுக்குள் இருப்பது கானாங்கெளுத்தி இனம். டின்னின் பின்பக்கம் சின்ன எழுத்தில் எழுதியிருக்கும்.

நம் மத்தி இந்தியாவோடு நிற்பதில்லை. ஓமான் கரையிலும் இதே மீன்தான். அங்கே தோபார் பகுதியில் காயவைத்த மத்தியை ஒட்டகத்துக்குத் தீவனமாகக் கொடுப்பார்கள். 14-ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் போன மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதாவும் அவ்வூர்க் கால்நடைகள் இந்த மீனைத் தின்பதை வியந்து எழுதி வைத்திருக்கிறார்.

எந்த மாதத்து மத்தி ருசி?

மேற்குக் கரை மத்தி என்றால் ஐப்பசி, கார்த்திகை. அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. காரணத்தைச் சொல்கிறேன்.

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் காற்று மேற்பரப்புத் தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போகும். அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். அடித்தண்ணீரில் உரச்சத்து அதிகம். வெயில் பட்டவுடன் அதில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் பெருகும். மத்தியின் சாப்பாடே அந்தப் பாசிதான். செவுளில் சீப்புப் பல் போல் நூற்றுக்கணக்கான நுண்ணிய இழைகள் உண்டு, வாயைத் திறந்துகொண்டு நீந்தினாலே பாசி வடிகட்டப்பட்டு உள்ளே போய்விடும். இந்தச் சமயத்தில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரையில்தான் அது முட்டையும் இடுகிறது. குஞ்சுகளுக்குப் பிறந்த இடத்திலேயே சோறு.

முட்டையிட்ட மீன் மெலிந்திருக்கும். உடம்பில் எண்ணெய் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். பிறகு மூன்று நான்கு மாதம் தின்று கொழுத்து, நல்ல ஆண்டில் 15 சதவீதத்தையும் தாண்டும். அந்தச் சாளையைத் தோசைக்கல்லில் வைத்தால் நாம் ஊற்றிய எண்ணெயை விட அது விடும் எண்ணெய்தான் அதிகமாக இருக்கும். எங்கள் பாட்டி கார்த்திகை மாதம் சாளை பொரிக்கும்போது கல்லில் எண்ணெயைத் துணியால் தொட்டுத் தடவுவதோடு சரி. ஓரத்தில் மஞ்சளாகத் தேங்கும் நெய்யில் இரண்டு கைப்பிடி சோற்றைப் போட்டுப் பிரட்டி, முதல் உருண்டையை யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் வாயில் வைப்பார். நான் எப்போதும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு வருடம் கொட்டிக் கிடக்கிறது, இன்னொரு வருடம் கண்ணிலேயே படவில்லை. ஏன்?

மத்தியின் ஆயுள் ஏறக்குறைய இரண்டரை வருடம். ஒரு வயதிலேயே, 15 சென்டிமீட்டர் அளவில், முட்டையிடத் தொடங்கிவிடும். நாம் சாப்பிடுவதில் பெரும்பகுதி போன வருடமோ அதற்கு முந்தின வருடமோ பிறந்தது. ஒரு மழைக்காலம் பிசகினால் அடுத்த ஆண்டே கூடை காலியாகும். நல்ல மழைக்காலம் வந்தால் அதே வேகத்தில் மீண்டும் வரும்.

கேரளத்தின் கணக்கு இதற்குச் சரியான சாட்சி. 2012-இல் அங்கே கரைக்கு வந்த மத்தி கிட்டத்தட்ட 4 லட்சம் டன். 2021-இல் 3,500 டன்னுக்கும் குறைவு. அதாவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அப்புறம் 2023-இல் மறுபடி ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கிடைத்தது. 2012-இல் அளவுக்கு மீறிப் பிடித்தது, குஞ்சுகளை வாரியது, 2015-16 எல் நினோ காலத்தில் கடல் சூடானது என்று பல காரணங்கள் ஒன்றுசேர்ந்து அந்தச் சரிவு வந்தது. 1940-களிலும் மலபாரில் இப்படி ஒரு சரிவு நடந்திருக்கிறது.

விலையும் அப்படித்தான் ஆடும். 2024 ஜூனில் கேரளச் சந்தைகளில் கிலோ 400 ரூபாய் வரை போனது. ஏழைகளின் மீன் என்று பெயர் எடுத்ததை ஏழைகள் தொட முடியாமல் போன மாதம் அது. சில மாதம் கழித்து வளராத பொடி மத்தி குவிந்து, கரையில் வாங்க ஆளில்லாமல் கிடந்தது.

நாகை, கடலூர்ப் பக்கம் முன்பெல்லாம் மத்தி கிடைக்காதாமே?

அதிகம் கிடைக்காது என்பதுதான் சரி. நெய்ச்சாளை பெரும்பாலும் அரபிக்கடல் மீனாகவே இருந்தது. 1980-களின் பிற்பகுதியிலிருந்துதான் தமிழகத்தின் கிழக்குக் கரையில் பெரிய அளவில் படத் தொடங்கியது. கடல் சூடாவதோடு இதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். அதற்கு முன்னால் வங்கக் கரையில் கவலை, சூடை என்று சொன்னதெல்லாம் பெரும்பாலும் சின்னச் சாளை இனங்கள். புதிதாக வந்த மீனுக்குப் பழைய பெயரையே கொடுத்துவிட்டார்கள். பெயர்க் குழப்பத்தில் பாதி இங்கிருந்து வந்தது என்று நினைக்கிறேன்.

மத்தியைத் தென்னைக்கு உரமாகப் போட்டார்கள் என்பது உண்மையா?

உண்மை. மலபாரில் அளவுக்கு மீறிப் பட்ட காலங்களில் மணலில் காயவைத்துத் தென்னந்தோப்புக்கும், காபித் தோட்டத்துக்கும் அனுப்பினார்கள். அவித்துப் பிழிந்த எண்ணெய் ஏற்றுமதியானது. மரத்தோணிகளுக்கு அந்த எண்ணெயைத்தான் பூசுவார்கள், உப்புத் தண்ணீர் மரத்தை அரிக்காமல் இருக்க. 1907-இல் ஆங்கிலேய அதிகாரி பிரடெரிக் நிக்கல்சன் தலைமையில் சென்னை மாகாண மீன்துறைப் பணி தொடங்கியபோது ஆரம்பத்தில் கையில் எடுத்த வேலைகளில் ஒன்று, கெட்டுப்போகாத மத்தியிலிருந்து நல்ல எண்ணெயும் உரமும் எடுக்கக் கற்றுக்கொடுத்தது.

இன்று அந்த இடத்தில் மீன்தூள் ஆலைகள் இருக்கின்றன. கோழிக்கும் இறாலுக்கும் தீவனமாக லாரி லாரியாகப் போகிறது. மனிதர் சாப்பிட வேண்டிய மீன் இப்படி அரைபடுவது எனக்கு உவப்பில்லை, அதுவும் குஞ்சு மீன் போகும்போது.

நல்ல மத்தியைப் பார்த்து வாங்குவது எப்படி?

செதில் உதிர்ந்திருப்பதைப் பார்த்துப் பழைய மீன் என்று முடிவு செய்யாதீர்கள். மத்தியின் செதில் வலையில் இருக்கும்போதே உதிரும். வயிற்றைப் பாருங்கள். பாசியை நிறையத் தின்றிருக்கும்போது பிடிபட்டால் குடலில் இருக்கும் செரிமானச் சாறு வயிற்றையே கரைக்கத் தொடங்கும். சில மணி நேரத்தில் வயிறு வெடித்துக் குடல் வெளியே வந்துவிடும். வயிறு கெட்டியாக, முழுதாக இருந்தால் ஐஸ் ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். கண் பிதுங்கித் தெளிவாக இருக்க வேண்டும். வாலைப் பிடித்துக் கிடையாக நீட்டினால் மீன் விறைத்து நிற்க வேண்டும்.

மத்தி சாப்பிட்டால் சிலருக்கு முகம் சிவந்து அரிக்கிறதே, ஒவ்வாமையா?

ஒவ்வாமையாக இருக்கலாம். ஆனால் பல சமயம் காரணம் வேறு. மத்தி, அயிலை, சூரை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் அதிகம். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமின் ஆக்கிவிடும். சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டொரு மணி நேரத்துக்குள் முகம் சிவப்பது, தலைவலி, அரிப்பு, படபடப்பு எல்லாம் வரும். முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. "நல்லா வேக வெச்சா சரியாயிடும்" என்பது இங்கே பலிக்காது. மூச்சு முட்டினாலோ உதடு வீங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒருமுறை மதியம் வாங்கிய மத்தியை ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துக்கொண்டு இரண்டு இடம் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்று ராத்திரி வீட்டில் இரண்டு பேருக்கு இந்த அரிப்பு வந்தது. அதன் பிறகு மீன் வாங்கினால் நேராக வீடுதான்.

உடம்புக்கு நல்லதா?

மிகவும் நல்லது. ஒமேகா-3 கொழுப்பு, வைட்டமின் டி, பி12 எல்லாம் தாராளம். முள்ளையும் மென்று தின்றால் கால்சியம். பாசி தின்னும் சின்ன மீன், குறைந்த ஆயுள், ஆகவே பெரிய மீன்களைப் போலப் பாதரசம் சேர்வதில்லை. கீல்வாதமும் யூரிக் அமிலத் தொல்லையும் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு அளவோடு சாப்பிட வேண்டும்.

எப்படிச் சமைத்தால் நன்றாக இருக்கும்? வாடைக்கு என்ன செய்வது?

எங்கள் ஊர்ப் பக்கம் சாளை அவியல் வைப்போம். தேங்காய், சின்ன வெங்காயம், மிளகாய்த்தூள், மஞ்சள் தூள், சீரகம் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, மாங்காய்த் துண்டுகளோடு மண்சட்டியில் போட்டுக் கொதிக்க விட்டு, மீனைக் கடைசியில் சேர்ப்பது. கரண்டி போட்டுக் கிளறினால் உடைந்துவிடும், சட்டியின் இரண்டு காதையும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இறக்கும்போது பச்சைத் தேங்காயெண்ணெய் ஒரு கரண்டி, கறிவேப்பிலை. தொட்டுக்கொள்ள மரச்சீனிக் கிழங்கு. மாங்காய் இல்லாத மாதம் குடம்புளி.

முள் பயத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் இருக்கிறவர்கள், புளியும் மிளகுத்தூளும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு குக்கரில் சிறு தீயில் அரை மணி நேரம் வையுங்கள். முள் சுண்ணாம்பு போல நசுங்கும்.

வாடை பெரும்பாலும் செவுள், குடல், வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புத் தோல் இவற்றிலிருந்து வருவது. அந்தக் கறுப்புத் தோலை விரலால் வழித்து எடுத்துவிட்டு, கல் உப்பும் புளித்தண்ணீரும் போட்டு அலசினால் பாதி போய்விடும்.

மத்திக் கருவாடு ஏன் சீக்கிரம் காறுகிறது?

எண்ணெய்தான் காரணம். காற்றுப் பட்டால் எண்ணெய் காறும், கருவாடு மஞ்சளாகிவிடும். கருவாடு போட மெலிந்த காலத்து மீனும் சூடையும்தான் தோது. கொழுத்த மீனை அன்றே சாப்பிட்டுவிடுங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்திலும் மத்தி கிடைக்கிறதே, எப்படி?

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. கன்னியாகுமரியின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகலாம். மத்தி கரையோரம் கூட்டமாக வரும் மீன் என்பதால் சின்ன வள்ளங்களின் செவுள் வலையிலேயே படும்.

சுருக்குமடி வலை பற்றி ஏன் இவ்வளவு தகராறு?

மத்திக் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்கி இழுக்கும் வலை அது. ஒரே வளைப்பில் டன் கணக்கில் வரும். தமிழ்நாடு அரசு 2000-இல் தடை செய்தது. கடலூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களில் இந்த வலையில் முதலீடு போட்டவர்களுக்கும் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் இடையே மோதல் பலமுறை வந்திருக்கிறது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று நிபந்தனைகளோடு இடைக்கால அனுமதி தந்தது. கடன் வாங்கி வலை வாங்கியவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், தெரியும். ஆனால் செவுள் வலைக்காரர் அடுத்த நாள் போய் வெறுங்கையோடு திரும்புவதைக் கரையில் நின்று பார்த்தவன் நான். என் மனம் அவர் பக்கம்தான்.

பொடி மத்தி மலிவாக வருகிறது, வாங்கலாமா?

வாங்க வேண்டாம். கேரளத்தில் 2015 முதல் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிப்பதே சட்டப்படி குற்றம். அந்த அளவு மீன் ஒருமுறைகூட முட்டையிட்டிருக்காது. அளவுகோல் எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போக முடியாது, சரி. என் கையில் கட்டைவிரலையும் சேர்த்து ஐந்து விரலையும் ஒட்டி வைத்தால் குறுக்கே 10 சென்டிமீட்டர் வரும். மீனை விரல்களுக்குக் குறுக்கே வைத்துப் பார்ப்பேன். தலையும் வாலும் இரண்டு பக்கமும் நன்றாக வெளியே நீண்டால்தான் பையை நீட்டுவேன். உங்கள் கையை வீட்டில் ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.